எல்லாக் கால் வீக்கமும் பழைய காயம் அல்ல

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய கிராமங்களில் உடலில் ஷெல் துண்டுகளோடு வாழ்பவர்கள் பலர். கால் வீங்கினால் "அது பழைய காயந்தான்" என்று அவர்களும் சொல்வார்கள், நாமும் தலையாட்டிவிடுவோம். அந்தப் பழக்கம் சில வேளைகளில் உயிரைக் கேட்கும் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

நாளச் சுவரின் மென்தசையில் உருவாகும் 'லியோமயோசார்கோமா' மிக அரிதான புற்றுநோய். வயிற்றின் பின்புறமாக இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கீழ்ப்பெருநாளத்திலேயே அது அதிகம் தோன்றுகிறது. 1871 இல் முதன்முதலாக விபரிக்கப்பட்ட இந்நோயில், மருத்துவ ஏடுகளில் பதிவானவர்கள் சில நூறு பேரே. அவர்களில் பெரும்பாலானோர் பெண்கள்.

வயிற்று நோவு, முதுகு நோவு, கால் வீக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள். ஸ்கானில் இது இரத்தக்கட்டி போலவே தெரியக்கூடும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்தும் கட்டி கரையாவிட்டால் சந்தேகிக்க வேண்டும். சாய மருந்து ஏற்றி எடுக்கும் சிடி ஸ்கானில் புற்றுக்கட்டி சாயத்தை உள்வாங்கும். வெறும் இரத்தக்கட்டி உள்வாங்காது. சதைத்துண்டுப் பரிசோதனையே நோயை உறுதிசெய்யும்.

இங்குதான் போர் குறுக்கிடுகிறது. உடலில் உலோகத் துண்டு இருந்தால் எம்ஆர்ஐ ஆபத்தாகலாம். சிடி படமும் தெளிவிழக்கலாம். ஆகவே எங்கே துண்டு இருக்கிறது என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். காயத்தைப் பற்றிப் பேசினால் விசாரணை வருமோ என்ற பழைய பயம் இந்த இடத்தில் நோய்க்கே துணைபோகும்.

குணமாக்க வாய்ப்புள்ள ஒரே வழி, கட்டியை நாளத்தின் பகுதியோடு முழுதாக அகற்றும் சத்திரசிகிச்சை. தேவைப்பட்டால் செயற்கைக் குழாய் பொருத்துவார்கள். இது மாவட்ட வைத்தியசாலையில் செய்யக்கூடியதல்ல. தெல்லிப்பளையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்ததே, 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து சேர்த்த நிதியால்தான். பெரும் சிகிச்சைகளுக்கு நம்மவர் இன்னமும் 250 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கொழும்பையும் மஹரகமவையும் நோக்கியே போகவேண்டியிருக்கிறது.

சிகிச்சை இலவசம்தான். ஆனால் பஸ் செலவும், துணைக்கு வருபவர் இழக்கும் நாட்கூலியும், தங்குமிடமும் இலவசமல்ல. தமிழும் அரசகரும மொழி என்று 1987 இன் 13 ஆவது திருத்தம் சொல்கிறது. ஆயினும் சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் கேட்கும் படிவத்தைப் புரியாமல் ஒருவர் ஒப்பமிட்டால், அந்த உரிமைக்கு என்ன பொருள்?

கிழக்கில் பெரிய கட்டடம் எழும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மொழிபெயர்ப்பாளர், பயணக் கொடுப்பனவு, நோயாளரோடு செல்லும் முழுமையான காயப் பதிவு ஆகிய மூன்றையும் சுகாதாரத் திணைக்களம் இப்போதே தொடங்கலாம்.