எங்களுக்குப் பிறகு யார்?

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரை வாட்டும் கேள்வி ஒன்று உண்டு. "எங்கள் காலத்துக்குப் பிறகு இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்கள்?" என்பதே அது. தருமபுரி மாவட்டத்தில் இக்கேள்வியின் பாரம் இன்னும் அதிகம். பென்னாகரம், அரூர் பக்கத்துக் கிராமங்களில் தந்தை பிழைப்புக்காகப் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ போய்விட, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பேருந்துக்கு நிற்பவள் தாய். "யார் செய்த பாவமோ" என்ற ஊர்ப்பேச்சையும் அவளே கேட்க வேண்டியிருக்கிறது.

இந்தத் தனிமைக்கு மருந்து இம்மாவட்டத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. தமிழகத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு வித்திட்ட மண் இது. 1989-ஆம் ஆண்டு சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழக அரசு தன் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தை முதலில் தருமபுரியில்தான் தொடங்கியது. தனி ஒருத்தியாகப் போனபோது வங்கியில் கிடைக்காதது, இருபது பேர் குழுவாகப் போனபோது கிடைத்தது. அந்தப் பாடத்தை நம் பெற்றோர் ஏன் பயன்படுத்தக்கூடாது?

பெற்றோரின் முயற்சி எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சென்னை வித்யாசாகர் நிறுவனமே சான்று. மூளை முடக்குவாதம் உள்ள மகனின் தாயான பூனம் நடராஜன் 1985-இல் அதைத் தொடங்கினார். பின்னாளில் அவரே மத்திய அரசின் தேசிய அறக்கட்டளைக்குத் தலைவரானார். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், இத்தகைய பெற்றோர் சங்கங்களையும் பதிவு செய்துகொள்ள வழி செய்கிறது.

சேர்வதால் என்ன பயன்? முதலாவது, தகவல். பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் பெற்றோரின் இயல்பான காப்பாளர் உரிமை சட்டப்படி முடிந்துவிடுகிறது. ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வக் காப்பாளர் நியமனம் பெறலாம் என்பது பலருக்குத் தெரியாது. பெற்றோருக்குப் பின் யார் என்ற கேள்விக்கு முதல் பதில் இங்கேதான் இருக்கிறது. தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதற்கு எந்தச் சான்றிதழ் வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்பதை ஏற்கெனவே அலைந்து முடித்த இன்னொரு தாய்தான் நன்றாகச் சொல்வாள்.

இரண்டாவது, ஆறுதல். ஒருவர் பிள்ளையை மற்றவர் அரைநாள் பார்த்துக்கொண்டால், கூலி வேலையும் கெடாது, உடலுக்கும் ஓய்வு கிடைக்கும்.

குழுவைத் தேடுவோர் ஆட்சியர் அலுவலக வளாகத்திலுள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும், வட்டார வள மையத்தின் சிறப்பு ஆசிரியர்களிடமும் விசாரிக்கலாம். அருகில் குழு இல்லையென்றால் நான்கைந்து பெற்றோரே மாதம் ஒருமுறை கூடலாம். பள்ளி அறையோ, ஆலய மண்டபமோ போதும். ஆனால் இடம் நடந்துபோகும் தூரத்தில் இருக்க வேண்டும், நேரம் வேலை முடிந்த பிறகாக இருக்க வேண்டும். தந்தையரும் வர வேண்டும். பூரண குணம் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவர்களுக்கு அங்கே இடம் தரக்கூடாது.

நமக்கு இத்தகைய பிள்ளை இல்லாமல் இருக்கலாம். நம் தெருவில் கதவைச் சாத்திக்கொண்டு வாழும் ஒரு குடும்பம் இருக்கலாம். அதே நிலையிலுள்ள இன்னொரு குடும்பத்தின் வீட்டை அவர்களுக்குக் காட்டிவிடுவது நம்மால் முடிந்த காரியம். இந்த வாரமே செய்வோம்.