மேஜைமீது எம்டன்

பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி யுத்தக் கப்பல்களின் மாதிரிகளைச் செய்வது வெறும் சிறுபிள்ளை விளையாட்டு என்பது பலருடைய அபிப்பிராயம். பொழுதையும் பொருளையும் பாழாக்கும் பழக்கமென்று கடிந்துகொள்ளும் பெற்றோரும் உண்டு. இவ்வபிப்பிராயம் பிசகானது என்பதற்குத் தமிழர் நன்கறிந்த ஒரு கப்பலையே சாட்சியாக நிறுத்துவோம்.

1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு, ஜெர்மானியக் கப்பலாகிய எம்டன் சென்னையின்மீது குண்டு பொழிந்தது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. ஜனங்கள் திரள் திரளாக நகரைவிட்டு வெளியேறினர். ‘அவன் பெரிய எம்டன்’ என்னும் வழக்கு நம் பாஷையில் நிலைத்துவிட்டது. ஆயினும் அக்கப்பல் எத்தகையது என்று வினவினால், விடை கூறவல்லார் நம்மில் எத்தனை பேர்?

மாதிரி செய்வோர் கூறுவர். ரெவெல் கம்பெனியார் 350-இல் ஒரு பங்கு அளவில் வெளியிட்ட எம்டன், ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் நீளமே உள்ளது. உண்மைக் கப்பலின் நீளம் சுமார் 118 மீட்டர், புகைபோக்கிகள் மூன்று, 10.5 சென்டிமீட்டர் வாயகலமுள்ள பீரங்கிகள் பத்து. அக்காலத்துப் பெரும் போர்க்கப்பல்களின் முன் இது சிறியதே. ஏகாதிபத்தியத்தின் கடற்காவலை நம்பி உறங்கிய பட்டணத்தைக் கலக்கியது இத்துணைச் சிறிய கப்பலா என்று வியக்கும்போதே சரித்திரம் பிரத்தியட்சமாகிறது.

வர்ணம் பூசும் வேலை இன்னும் கண்டிப்பான ஆசிரியன். சமாதான காலத்தில் எம்டன் வெண்ணிற மேனியும் மஞ்சட் சாயலுள்ள புகைபோக்கிகளும் உடையது. ‘கிழக்கின் அன்னம்’ எனப் பெயர் பெற்றது. யுத்தத்தில் அது சாம்பல் நிறம் பூண்டது. அழகை விரும்பி வெண்மை பூசிவிட்டு, ‘சென்னையைத் தாக்கிய கப்பல்’ என்று எழுதிவைத்தால் அது பொய்யாகும். அக்டோபர் 28-இல் பினாங்குத் துறைமுகத்தினுள் நுழைந்தபோதோ, பிரிட்டிஷ் கப்பலென்று மயங்கும்படி நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கியும் நிறுத்தப்பட்டிருந்தது. ஆகவே, எந்நாளைய எம்டன் என்று ஆராய்ந்து தெளியாமல் தூரிகையைத் தொடலாகாது. உப்புத்தாளால் இணைப்புகளைத் தேய்த்து மறைப்பதும், மெழுகுவர்த்திச் சூட்டில் இளக்கி இழுத்த பிளாஸ்டிக் இழையால் கொடிமரக் கயிறுகள் கட்டுவதும் கைக்குப் பொறுமையைக் கற்பிக்கும். இவ்வாராய்ச்சியோ மனத்திற்குச் சத்தியத்தைக் கற்பிக்கும்.

கொலைக் கருவிகளைக் கொண்டாடலாமா என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். நியாயமான கேள்வியே. ஆனால், 1914 நவம்பர் 9-ஆம் தேதி ஆஸ்திரேலியக் கப்பலாகிய சிட்னியின் குண்டுகளால் சிதைந்து கீலிங் தீவில் எம்டன் தரைதட்டிற்று என்பதையும், அதன் மாலுமிகளில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பதையும் கற்றவன் யுத்தத்தைக் கொண்டாடமாட்டான். அறியாமையே யுத்தத்திற்கு அலங்காரம் செய்கிறது.

எம்டனின் குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டு, சென்னை உயர்நீதிமன்ற வளாகச் சுவரில் இருக்கிறது. சரித்திர ஆசிரியர்கள் மாணவரை அங்கு அழைத்துச் செல்வதோடு நில்லாமல், வகுப்புக்கு ஒரு மாதிரிக் கப்பலேனும் செய்விக்க வேண்டும். பாட்டன்மார் அஞ்சி ஓடிய பூதத்தைப் பேரன்மார் கையிலெடுத்து அளந்து பார்க்கட்டும்.