உறவறுக்கும் ஒரு சொல்

பண்பாடு குருதியில் ஓடுகின்றது என மேடைதோறும் முழங்குவார் உளர். முழங்கிவிட்டு வீடு திரும்பியதும் தம் பிள்ளையிடம், ‘அங்கிளுக்குக் கைகொடு’ என்பாரும் அவரே. மூக்கும் நிறமும் குருதிவழி வரலாம். எவர்முன் எழுந்து நிற்பது, எவரிடம் உரிமையோடு கேலி பேசுவது, எவர் மடியில் ஏறி அமர்வது என்பவை குருதிவழி வாரா. தாயும் பாட்டியும் நாள்தோறும் சொல்லிச் சொல்லிப் பழக்க வருவன அவை. அப் பழக்கத்திற்கு அவர்கள் கையாளும் கருவி உறவுச்சொல்லே.

தந்தையுடன் பிறந்தான் பெரியப்பன் அல்லது சிற்றப்பன். தாயுடன் பிறந்தான் மாமன். முன்னவன் பெயரிலேயே அப்பன் இருக்கின்றான். ஆகலின் அவன் மக்கள் அண்ணன், தம்பி, அக்கை, தங்கை ஆகின்றனர். தாயுடன் பிறந்தாள் பெரியம்மை, சின்னம்மை. அவள் மக்களும் அவ்வாறே. மாமன் மக்களும் அத்தை மக்களுமோ மைத்துனர், கேலிக்குரியோர், கொள்வினை கொடுப்பினைக்கு உரியோர். இவ்வளவையும் ஐந்தகவைப் பிள்ளை இலக்கணம் படியாமலே கற்றுக்கொள்கின்றது. காது குத்துங்கால் தாய்மாமன் மடியில் அமரும் பிள்ளைக்கு, மாமன் என்பது தனக்கெனக் கடமைப்பட்ட ஓர் ஆளின் பெயர்.

அக் கடமையைச் சாக்கிட்டு ஏழை மாமனைக் கடன்பட்டுச் சீர்செய்ய நெருக்கும் கொடுமையும் நாட்டில் உண்டு. அஃது ஒழிய வேண்டியதே. நெருங்கிய உறவில் மணந்தார்க்குப் பிறக்கும் மக்களுக்கு வழிவழி நோய்க்கு வாய்ப்பு மிகுதி என மருத்துவர் கூறுவதும் உண்மையே. அம் மணத்தைக் கைவிடுதலும் நன்றே. அதன்பொருட்டு மாமனையே கைவிட வேண்டுமோ?

இவ்வமைப்பின் அருமையை அயலார் அறிந்தனர். அமெரிக்க அறிஞர் உலூயி மார்கன், உறவுமுறை பற்றி 1871-இல் வெளியிட்ட பெருநூலில், அந்நாட்டுச் செனெக்காப் பழங்குடியினரின் உறவுச்சொல் அமைப்பும் தமிழரின் அமைப்பும் பெரிதும் ஒத்திருத்தலை எடுத்துக்காட்டினார். பிரெஞ்சு அறிஞர் உலூயி துமோன், இச் சொற்கள் மண உறவையே அடிப்படையாகக் கொண்டவை என 1953-இல் விளக்கினார். அமேசான் காட்டு மக்களிடையே இத்தகைய முறையைக் காணினும் மாந்தநூலார் அதற்குத் ‘திராவிட முறை’ என்றே பெயரிடுகின்றனர்.

இனி, அந்த ‘அங்கிள்’ யாங்ஙனம் வந்தது? அது பிறப்பால் ஆங்கிலச் சொல்லும் அன்று. பழைய ஆங்கிலத்தில் தாய்மாமனுக்கு ஒரு சொல்லும் தந்தையுடன் பிறந்தானுக்கு வேறொரு சொல்லும் இருந்தன. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்று பிரெஞ்சை ஆள்வோர் மொழியாக்கினர். அதன்பின் புகுந்த பிரெஞ்சுச் சொல் அவ்விரண்டையும் விழுங்கிற்று. அச் சொல்லுக்கு மூலமான இலத்தீன் ‘அவுங்குலுசு’ தாய்மாமனையே குறித்தது. தந்தையுடன் பிறந்தானுக்கு ‘பத்ரூசு’ எனத் தனிச்சொல் இருந்தது. தோற்றுப்போன ஆங்கிலேயன் வென்றவனிடம் ஏற்ற சொல்லை, வெள்ளையன் வெளியேறிய பின்னர்த் தமிழன் மழலைப் பள்ளிக்குக் காசு கொடுத்து வாங்குகின்றான்.

வாங்கியதன் பயன் என்ன? மாமனும் சிற்றப்பனும் அண்டை வீட்டானும் அலுவலகத் தோழனும் ஒரே ‘அங்கிள்’ ஆயினர். அத்தையும் சின்னம்மையும் ‘ஆன்ட்டி’ ஆயினர். ஆண்டி என்றால் தமிழில் யார் என்பதையும் எண்ணிப் பார்த்தாரில்லை! எவரிடம் எவ்வாறு நடப்பது என்று பிள்ளைக்கு உணர்த்திய சொல் போயிற்று. உணர்த்துவதற்கு வேறொன்றும் வரவில்லை.

எந்தை, நுந்தை, தந்தை; எம்பி, நும்பி, தம்பி என, எவருக்கு உறவு என்பதையும் சொல்லே காட்டிய காலம் ஒன்று இருந்தது. இன்று ‘என் தம்பி’ என்பான் எவனும் அதனுள் ‘தம்’ இருத்தலை உணரான். அவ் விழப்பு பல நூற்றாண்டுகளில், எவரும் வேண்டாமல், மெல்ல நேர்ந்தது. இவ் விழப்போ பெற்றோர் தாமே விரும்பி ஒரே தலைமுறையில் செய்துகொள்வது.

ஊரிலிருந்து வந்த பாட்டி, ‘மாமன் வந்திருக்கின்றான், போய்க் கும்பிடு’ என்கின்றாள். ‘எந்த அங்கிள்?’ என்கின்றது பிள்ளை. அவள் விளக்க வாய் திறக்குமுன், ‘பிள்ளையைக் குழப்பாதே, அம்மா’ என்று அடக்குகின்றான் மேடையில் குருதியைப் பற்றி முழங்கிய தந்தை.