பத்து நாள் சர்ட்டிபிகேட்

குற்றாலத்தில் சாரல் என்றால் தென்காசி வீடுகளில் விருந்தாளி என்று அர்த்தம். சென்ற ஆனி மாதம் நானும் அப்படித்தான் அத்தை வீட்டில் போய் இறங்கினேன். காப்பியைக் கையில் கொடுத்ததுமே அத்தை ஒரு நோட்டீஸை நீட்டினாள். "நீதான் பத்திரிகையிலே இருக்கியே, இதைப் படிச்சுச் சொல்லு" என்றாள்.

பத்தே நாள் பயிற்சி. முடிவில் 'கைரோபிராக்டர்' சர்ட்டிபிகேட். கட்டணம் நாற்பதாயிரம் ரூபாய். பிளஸ் டூ முடித்த அவள் மகளுக்கு இதில் ஒரே மோகம். கைபேசியில் யாரோ கழுத்தைத் திருப்ப, 'மளுக்' என்று சத்தம் கேட்க, நோயாளி சிரித்துக்கொண்டே எழுந்து போவதை ஓயாமல் பார்த்திருக்கிறாள். அத்தையின் வளையல்கள் அடகுக் கடைக்குப் புறப்படத் தயாராயிருந்தன.

"ஆசையில் தப்பில்லை. ஆனால் படிப்பு இதுவல்ல" என்றேன்.

இந்த வைத்தியத்தை 1895ல் அமெரிக்காவில் டேவன்போர்ட் நகரில் தொடங்கியவர் டி. டி. பாமர். 1913ல் கான்சாஸ் மாகாணம் இதற்கு லைசென்ஸ் சட்டம் கொண்டு வந்தது. இன்று அங்கே கல்லூரிப் படிப்புக்கு மேல் சுமார் நான்கு வருஷம் இதையே படித்து, பரீட்சைகள் தேறி, மாகாண லைசென்ஸும் பெறவேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் 2005ல் வெளியிட்ட வழிகாட்டியில், முழுப் பயிற்சிக்குக் குறைந்தது 4,200 மணி நேரம் என்று இருக்கிறது.

அத்தை விரல் விட்டு எண்ணினாள். "நாளுக்கு எட்டு மணின்னாலும் எண்பது மணிதானே ஆச்சு!"

நம் நாட்டிலோ கைரோபிராக்டருக்கென்று தனி லைசென்ஸ் சட்டமே கிடையாது. அந்தச் சர்ட்டிபிகேட்டைச் சுவரில் மாட்டலாம். வைத்தியம் செய்யும் உரிமை அதனால் வராது.

"அப்போ குற்றாலத்திலே எண்ணெய் தேய்ச்சு விடுறவங்க எந்தக் காலேஜிலே படிச்சாங்க?" என்று மடக்கினாள் பெண்.

நல்ல கேள்வி. அலுப்புத் தீர உடம்பைப் பிடித்து விடுவது வேறு. கழுத்தெலும்பை வெடுக்கென்று திருப்புவது வேறு. அபூர்வமாகத்தான் என்றாலும், அப்படித் திருப்பிய பிறகு மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் வைத்திய ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

கையால் குணப்படுத்தும் வித்தை வேண்டுமானால், பக்கத்திலேயே பாளையங்கோட்டையில் 1964ல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பிளஸ் டூவில் உயிரியல் எடுத்து, நீட் தேர்விலும் தேறவேண்டும். நாலரை வருஷம் படிப்பு, ஒரு வருஷம் பயிற்சி. வர்மமும் அதில் உண்டு. பிறகு பதிவு செய்துகொண்டால்தான் வைத்தியர். அங்கீகரிக்கப்பட்ட தகுதியில்லாமல் பரம்பரை வைத்தியம் என்று சொல்லித் தொழில் செய்ய முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டே 2018ல் சொல்லிவிட்டது. இல்லையென்றால் பிஸியோதெரபி படிக்கலாம். அவர்களுக்கும் பதிவு வேண்டும் என்று 2021ல் சட்டம் வந்திருக்கிறது.

பெண் முகம் சற்று வாடியது. "ஐந்தரை வருஷமா?" என்றாள். சிறிது நேரம் கழித்து, "நீட் புத்தகம் யார்கிட்டே கிடைக்கும்?" என்று கேட்டாள். வளையல்கள் அத்தையின் கைக்கே திரும்பின.

சகோதரிகளே, உங்கள் கழுத்தில் யாராவது கை வைக்க வந்தால், முதலில் "பதிவு எண் என்ன?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

மறுநாள் குற்றாலத்தில் எனக்கு எண்ணெய் தேய்த்தவரின் கை தோளைத் தாண்டியது. "அண்ணாச்சி, கழுத்தை மட்டும் விட்டுடுங்க!" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே முதுகுக்குத் திரும்பினார்.