வெட்கத்தின் பெயரால் பறிக்கப்படும் ஓய்வு

நம் பகுதியில் ஒரு பெண்ணுக்குப் பித்தப்பைக் கல்லை அகற்றினார்கள் என்றால், ஆம்பூரிலிருந்து மேல்விஷாரம் வரை உறவினர் அனைவருக்கும் மாலைக்குள் செய்தி எட்டிவிடும். ஒரு வீட்டிலிருந்து கஞ்சி வரும், இன்னொரு வீட்டிலிருந்து சூப் வரும். பிரசவம் என்றால் நாற்பது நாள் அவள் குடத்தைத் தொடக்கூடாது, குளிர்ந்த நீரில் கை வைக்கக்கூடாது. அதே பெண்ணின் மார்பில் கத்தி பட்டால் மட்டும் வீட்டார் வாய் மூடிக்கொள்கிறார்கள். கேட்பவர்களிடம் “காய்ச்சல்” என்கிறார்கள். “வேலூருக்கு ஒரு செக்கப்” என்கிறார்கள். ஊர் சந்தேகப்படக்கூடாது என்பதற்காக, வடிகுழாயை எடுத்த மறுவாரமே புர்காவுக்குள் கட்டோடு அவளை வலீமா விருந்துக்கு அழைத்துச் செல்கிறார்கள். இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் ஹயா. அந்தப் பெயரை இதற்குச் சூட்டும் உரிமை நமக்கு யார் தந்தது என்பதே நம் கேள்வி.

மார்பகத்தில் செயற்கைப் பை வைக்கும் சிகிச்சை ஏதோ மும்பை நடிகைகளின் விவகாரம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஏழைப் பெண்களுக்கும் இச்சிகிச்சை இலவசமாகக் கிடைக்கும் என்று அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் தொடங்கிவைத்தார். புற்றுநோயால் மார்பகத்தை இழந்தவர்களுக்கான மறுசீரமைப்போடு, அளவைக் கூட்டும் குறைக்கும் சிகிச்சைகளும் அதில் அடங்கியிருந்தன. உயிர்காக்கும் மருந்துக்கே வரிசையில் நிற்கும் நாட்டில் இது எதற்கு என்று சிலர் எதிர்த்தனர். வசதி படைத்தவர் பணம் கொடுத்துப் பெறுவதை ஏழை ஏன் பெறக்கூடாது என்று மற்றவர் கேட்டனர். நாடு இதைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்தபோதும் நம் மிம்பர்கள் மௌனமாகவே இருந்தன. இன்றுவரை நமக்கு இதைப் பற்றித் தெரிந்தது ஒரே சொல்தான்: ஹராம்.

அந்தச் சொல்லும் முழுமையாகச் சொல்லப்படுவதில்லை. அல்லாஹ்வின் படைப்பை மாற்றுமாறு மனிதரைத் தூண்டுவேன் என்று ஷைத்தான் சூளுரைத்ததை அந்நிஸா அத்தியாயத்தின் 119ஆம் வசனம் எடுத்துரைக்கிறது. குறையற்ற உடலை வெறும் அலங்காரத்துக்காக வெட்டி மாற்றுவதை அறிஞர்கள் தடுப்பதற்கு அதுவே முதன்மையான ஆதாரம். இதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அறியாமைக் காலத்தில் குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களின் செய்தியும் அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறதே! வெள்ளியில் செய்து பொருத்திய மூக்கு துர்நாற்றம் வீசியபோது, தங்கத்தில் செய்துகொள்ளுமாறு அவருக்குக் கட்டளையிட்டவர்கள் நபி (ஸல்) அவர்கள். ஆண்களுக்குத் தங்கம் தடுக்கப்பட்ட மார்க்கத்தில், இழந்த உறுப்பின் இடத்தை நிரப்பத் தங்கம் அனுமதிக்கப்பட்டது. அழகுக்காகப் பற்களை இடைவெளியாக்கும் பெண்களைப் பற்றிய ஹதீஸுக்கு விளக்கம் எழுதிய இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், மருத்துவத்துக்காகவோ குறையை நீக்குவதற்காகவோ செய்வதில் குற்றமில்லை என்று பிரித்தே சொன்னார்கள். 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் இதே பிரிவினையைத்தான் தீர்மானமாக்கியது. ஆகவே புற்றுநோய்க்காக மார்பகத்தை அகற்றியபின் அதைச் சீரமைத்துக்கொள்ளும் பெண்ணை ‘படைப்பை மாற்றியவள்’ என்று பேசுபவர் ஃபத்வா கொடுக்கவில்லை, புறம் பேசுகிறார்.

அழகுக்காகவே செய்துகொண்டவளைப் பற்றியும் ஒரு சொல். பெண் பார்க்க வந்து, தேநீர் குடித்து முடிப்பதற்குள் ஒரு பெண்ணின் உடலைத் தலைமுதல் கால்வரை கண்ணால் அளந்துவிட்டு, “கொஞ்சம் ஒல்லி, வளர்த்தி போதாது” என்று தரகரிடம் சொல்லி அனுப்பும் கூட்டம் நம்முடையதுதான். நிக்காஹ் முடிந்தபின் கைப்பேசியில் பார்த்த உடல்களோடு மனைவியை ஒப்பிடும் கணவனும் நம் வீட்டுப் பிள்ளைதான். அவளைக் கத்தியின் கீழ் தள்ளியவர்கள் தீர்ப்பு நாற்காலியில் அமர்வது விந்தையானது. அவள் செய்தது பாவமென்றே வைத்துக்கொள்வோம். தவ்பாவின் வாசல் அவளுக்கும் அவளுடைய ரப்புக்கும் இடையிலுள்ளது. தையல் போட்ட காயம் நம் வீட்டுக்குள் இருக்கிறது. நோயாளியை நலம் விசாரிப்பதை ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னார்கள். நோய் எப்படி வந்தது என்று விசாரித்த பிறகே போக வேண்டும் என்று அவர்கள் நிபந்தனை வைக்கவில்லை.

மறைப்பதால் நேரும் கேடு எத்தகையது என்பதை அறிய, அந்தச் சிகிச்சைக்குப் பின் உடலுக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிலிகோன் கூழோ உப்புநீரோ நிரப்பிய பை, மார்புத் தசையின் அடியிலோ அதன் மேலாகவோ வைக்கப்படுகிறது. முதல் வாரங்களில் அது தன் இடத்தில் இருப்பதில்லை. வீங்கி, இறுகி, மேலேறி நிற்கும்; இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது. தசை தளர்ந்து, தோல் நெகிழ்ந்து, பை மெல்லக் கீழிறங்கி அமைவதற்குப் பொதுவாக மூன்று மாதங்களாகும். சிலருக்கு ஆறு மாதங்களும் ஆகலாம். புற்றுநோய்க்குப் பிந்திய மறுசீரமைப்பில் இன்னும் பொறுமை தேவை. பலருக்கு முதலில் விரிவாக்கிப் பை ஒன்றை வைத்து, சில வாரங்களில் சிறிது சிறிதாக உப்புநீர் ஏற்றித் தோலுக்கு இடம் உண்டாக்கிய பிறகே நிரந்தரப் பையை வைக்கிறார்கள். கதிர்வீச்சு பெற்ற தோல் இன்னும் தாமதமாக இணங்கும். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் இட்டுத் தோல் பதனிட்ட தலைமுறைகளின் பேரர்கள் நாம். ஆட்டுத்தோல் குழியில் எத்தனை நாள் ஊற வேண்டும் என்பதை நம் பாட்டனார்கள் விரல்விட்டு எண்ணினார்கள்; அவசரப்பட்டால் சரக்கு கெடும் என்று அறிந்திருந்தார்கள். செத்த தோலுக்குக் கொடுத்த அவகாசத்தை உயிருள்ள தோலுக்குக் கொடுக்க நமக்கு மனமில்லை.

ஏறத்தாழ ஆறு வாரங்கள் அவள் கனமான எதையும் தூக்கக்கூடாது என்பதே மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், இடுப்பில் ஏறத் துடிக்கும் இரண்டு வயதுக் குழந்தை யாவும் அந்தக் கணக்கில் அடங்கும். மல்லாந்து, தலையைச் சற்று உயர்த்திப் படுக்க வேண்டும். மருத்துவர் சொன்ன தாங்கு உள்ளாடையை இரவிலும் அணிய வேண்டியிருக்கும். அதற்காக அசையாமலே கிடப்பதும் தவறு, தோள் இறுகிப்போகும். மெல்ல நடப்பதும் சொல்லிக்கொடுத்த கைப்பயிற்சிகளும் அவசியம். ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கினாலோ, தோல் சிவந்து சுட்டாலோ, காய்ச்சலோ சீழோ கண்டாலோ அதே நாளில் மருத்துவரிடம் செல்ல வேண்டும். ‘யாரும் பார்த்துவிடுவார்கள்’ என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டால், வைத்த பையையே எடுத்துவிட நேரலாம். இவற்றில் எதை ஊரறியாமல் செய்ய முடியும்? மாமியாருக்கும் நாத்தனாருக்கும் தெரியாமல் ஒருத்தி ஆறு வாரம் குடம் தூக்காமல் இருப்பது நம் வீடுகளில் நடக்கிற காரியமா?

தொழிற்சாலைப் பெண்களின் நிலை இதைவிடக் கொடியது. இந்தத் தோல் வட்டாரத்தின் காலணி ஆலைகளில் தையல் எந்திரத்தின் முன் நாள் முழுதும் குனிந்திருக்கும் ஆயிரக்கணக்கானவர்களில் நம் சகோதரிகளும் உண்டு. இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்ற பெண்ணுக்கு நோய்க்கால விடுப்பாக ஆண்டுக்கு 91 நாள் வரை, ஊதியத்தில் 70 விழுக்காடு உண்டு. புற்றுநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு, உரிய நிபந்தனைகளோடு 2 ஆண்டுகள் வரை 80 விழுக்காடு தரப்படுகிறது. அவளுடைய வியர்வையிலிருந்து பிடித்த பணம் அது. மேற்பார்வையாளரிடம் என்ன நோய் என்று எப்படிச் சொல்வது என அஞ்சி, “உறவினர் மௌத்” என்று பத்து நாள் விடுப்பு எழுதிவிட்டு, பதினோராம் நாள் எந்திரத்தின் முன் உட்காரும்படி அவளை ஆக்கியது நோயன்று.

இந்த மௌனத்துக்கு நம் மண்ணில் பழைய விலை ஒன்று உண்டு. 1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள், பிரசவத்தில் தவித்த தம் மனைவியருக்கு உதவி கேட்டு ஒரு மிஷனரி மருத்துவரின் வீட்டுக்கு வந்தனர். மூவரில் ஒருவர் முஸ்லிம். மருத்துவரின் இளம் மகள் ஐடா ஸ்கடர் மருத்துவம் படித்திருக்கவில்லை. படித்திருந்த தந்தையை அனுப்புகிறேன் என்றபோது, அந்நிய ஆண் கூடாது என்று மூவரும் மறுத்துத் திரும்பினர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவுதான் அவரை மருத்துவராக்கியது. 1902இல் வேலூரில் எழுந்த பெண்கள் மருத்துவமனையும், அதன் தொடர்ச்சியான இன்றைய சி.எம்.சி.யும் அதன் விளைவுகள். பெண் மருத்துவர் கிடைக்காதபோது ஆண் மருத்துவர் தேவையான அளவுக்குப் பார்க்கலாம் என்று அன்றும் நம் ஃபிக்ஹு நூல்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. அந்த முஸ்லிம் கணவரிடம் அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. இன்று பெண் மருத்துவர்கள் நிறைந்த மருத்துவமனை ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கிறது. கட்டியை மாதக்கணக்கில் தாவணிக்குள் மறைத்துக்கொண்டு, முற்றிய பிறகு அங்கே போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஹயா என்றால் என்னவென்று அன்சாரிப் பெண்களிடம் கேட்போம். கனவில் ஏற்படும் நிலைக்குப் பெண்ணுக்கும் குளிப்பு உண்டா என்று உம்மு சுலைம் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடமே நேரில் கேட்டார்கள். மார்க்கத்தைக் கற்பதற்கு வெட்கத்தைத் தடையாக்காத அந்தப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்தார்கள். அகழ்ப்போரில் காயமுற்ற சஅத் பின் முஆத் (ரலி) அவர்களை ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி பராமரித்த கூடாரம் மஸ்ஜிதுந் நபவியிலேயே அடிக்கப்பட்டிருந்தது. காயம்பட்டவர்களைப் பள்ளிவாசலுக்குள் கொண்டுவந்த சமுதாயத்தின் வாரிசுகள், காயம்பட்டவளை அறைக்குள் பூட்டுகிறோம்.

அறைக்குள் பூட்டியதால் அவளுடைய வணக்கமும் பாதிக்கப்படுகிறது. யாரிடமும் கேட்க முடியாமல், ஒன்று தொழுகையை விடுகிறாள். அல்லது வலியோடு முழு ஸஜ்தா செய்து தையலைப் பிய்த்துக்கொள்கிறாள். நிற்க இயலாதவர் அமர்ந்தும், அமர இயலாதவர் படுத்தும் தொழட்டும் என்ற சலுகை இவளுக்கும் உரியது. குனிவதும் கையூன்றுவதும் கூடாதென்று மருத்துவர் சொன்னால் சைகையால் ருகூவும் ஸஜ்தாவும் செய்யலாம். தக்பீருக்குக் கையைத் தோள்வரை உயர்த்த முடியாவிட்டால் முடிந்த அளவு போதும். கட்டின் மேல் ஈரக்கையால் தடவுவதா, அதனோடு தயம்முமும் வேண்டுமா என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. தம் மத்ஹபின் ஆலிமிடம், தயங்கினால் ஆலிமாவிடம், கேட்டுக்கொள்ளட்டும். உடலுக்குள் இருக்கும் பை குளிப்பைத் தடுக்காது. ரமளான் குறுக்கிட்டால் விட்ட நோன்பைக் குணமானபின் களாச் செய்யலாம். மத்ரஸாக்களின் பெண்கள் பயானில் மாதவிடாய்ச் சட்டங்களை விரிவாகச் சொல்லித்தரும் ஆலிமாக்களுக்கு இதைச் சொல்வதில் என்ன தயக்கம்?

இன்னொரு தரப்பையும் விட்டுவைக்க இயலாது. “சனிக்கிழமை சிகிச்சை, திங்கட்கிழமை வேலை” என்ற பாணியில் ஆசை காட்டும் விளம்பரங்கள், பை வைத்துவிட்டால் காரியம் முடிந்தது என்ற எண்ணத்தை விதைக்கின்றன. அந்தப் பை ஆயுளுக்கும் நிலைப்பதன்று. உடல் அதைச் சுற்றித் தழும்புத் திசுவால் உறை கட்டுகிறது. சிலருக்கு அந்த உறை இறுகி வலியும் உருக்குலைவும் தரும். வெளியே எந்த அறிகுறியும் இன்றி உள்ளே பை கிழியலாம். அதனால்தான் சிலிகோன் பை வைத்தவர்கள் 5, 6 ஆண்டுகளில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, பின்னர் 2, 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை தொடர வேண்டும் என்கிறது அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம். பிரான்ஸின் பி.ஐ.பி. நிறுவனம் மருத்துவத் தரமற்ற, தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான சிலிகோனை அடைத்துப் பல நாடுகளுக்கு விற்றது 2010இல் அம்பலமானது. அதன் நிறுவனருக்கு 2013இல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சொரசொரப்பான மேற்பரப்புள்ள பைகளைச் சுற்றி அரிதான நிணநீர்ப் புற்றுநோய் ஒன்று உருவாவது கண்டறியப்பட்டு, 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனத்தின் அத்தகைய பைகள் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. தன் உடலுக்குள் இருப்பது எந்த நிறுவனத்தின் பை என்றே அறியாதவள், அந்தச் செய்தி வந்தபோது யாரிடம் போய்க் கேட்டிருப்பாள்?

சிகிச்சை முடிந்ததும் மருத்துவமனை ஒரு சிறிய அட்டை தரும். நிறுவனத்தின் பெயர், பையின் வகை, அளவு, வரிசை எண், வைத்த தேதி, எந்தப் பக்கம் என்பன அதில் இருக்கும். தராவிட்டால் கேட்டு வாங்க வேண்டும். மேமோகிராம் எடுக்கப் போகும்போது முதலில் அதைக் காட்ட வேண்டும். கணவன் கண்ணில் படக்கூடாது, மருமகள் பார்க்கக்கூடாது என்று அதைக் கிழித்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நிக்காஹ் பதிவேட்டின் நகலும் ரேஷன் கார்டும் இருக்கும் அதே பெட்டியில் அதுவும் இருக்கட்டும். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னும் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.