தொலைவில் மலிவு என்னும் பொய்க்கணக்கு

"கொஞ்சம் தள்ளிப் போனால் வாடகை குறையுமே!" டெல்லிக்கு ஆய்வு செய்ய வரும் ஒவ்வொருவருக்கும் முதல் வாரத்திலேயே கிடைக்கும் அறிவுரை இது. சொல்பவர்களுள் பலர் வளாகத்துக்குள்ளேயே குடியிருப்புப் பெற்றவர்கள். அவ்வறிவுரையின்படி மூன்றாண்டுகள் வாழ்ந்தவன் என்ற முறையில் அதை மறுக்க எனக்கு உரிமை உண்டு.

பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்தை ஒட்டி நான் பார்த்த அறைக்கு மாத வாடகை 12,000 ரூபாய். காசியாபாத்தில் எடுத்த அறைக்கு 6,500. மிச்சம் 5,500. மெட்ரோவுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் போகவர நாளொன்றுக்கு 120 ரூபாய். மாதம் 24 நாளுக்கு 2,880. எஞ்சுவது 2,620 ரூபாய். இதற்கு ஈடாக நான் கொடுத்தது நாளுக்கு இரண்டரை மணி, மாதத்துக்கு 60 மணி நேரம். அதாவது, என் ஆய்வு நேரத்தை மணிக்கு 44 ரூபாய்க்கும் குறைவாக விற்றிருக்கிறேன். ஐந்தாண்டில் இது 3,600 மணி. எட்டு மணி நேர வேலைநாளாகக் கொண்டால் 450 நாள். ஆய்வேட்டை உரிய காலத்தில் முடிக்கவில்லை என்று எங்களைக் கடிந்துகொள்வோர் இந்த 450 நாளை எந்தக் கணக்கில் எழுதுகிறார்கள்?

"வண்டியில் படிக்கலாமே" என்பார்கள். காலை ஒன்பது மணிக்குக் காஷ்மீரி கேட்டில் இறங்கி வண்டி மாறியவர் எவரும் அப்படிச் சொல்லமாட்டார். அங்கே புத்தகத்தை விரிப்பதிருக்கட்டும், கையை உயர்த்தவே இடமிராது.

குடியிருப்போர் வாடகையையும் பயணச் செலவையும் சீர்தூக்கி இடம் தேர்கிறார்கள் என்பது 1964இல் வில்லியம் அலோன்சோ வகுத்த கோட்பாட்டின் சாரம். வகுப்பறையில் அதைக் கற்பிக்கிறோம். ஆனால் தேர்வதற்குக் கையில் காசு வேண்டும். நெட் தகுதியின்றி மத்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்வோருக்கு 2012 முதல் மாத உதவித்தொகை 8,000 ரூபாய். தனியே வாடகைப்படி கிடையாது. இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுவோருக்கு 2023 முதல் 37,000 ரூபாய். ஏழாவது ஊதியக் குழு தொடக்கத்தில் பெருநகரங்களுக்கு வகுத்த 24 விழுக்காட்டைக் கொண்டு கணக்கிட்டாலே, அவர்களுடைய வாடகைப்படி 8,880 ரூபாய். ஒருவரின் வாடகைப்படி, அடுத்த மேசையில் அமர்ந்திருப்பவரின் முழு உதவித்தொகையை விஞ்சுகிறது! நான் அந்த அடுத்த மேசைக்காரன். காசியாபாத் அறையின் வாடகையிலும் ஒரு பங்கு ஊரிலிருக்கும் அண்ணனின் சம்பளத்திலிருந்தே வந்தது. இதைத் தெரிவு என்று அழைப்பது சொல்லுக்கே இழுக்கு.

பெண்களுக்கு இக்கணக்கு மேலும் கொடியது. பாதுகாப்பான பயணவழிக்காகத் தரத்தில் தாழ்ந்த கல்லூரியை மாணவியர் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதை டெல்லிப் பல்கலைக்கழக மாணவியரிடையே நடத்திய ஆய்வில் பொருளியலாளர் கிரிஜா போர்கர் காட்டினார். இரவு ஒன்பது மணிவரை ஆய்வகத்தில் இருக்கவேண்டிய பெண்ணிடம் "தள்ளிப் போய் வீடு பார்" என்பது, ஆய்வகத்தை விட்டுப் போ என்பதற்கு ஒப்பாகும்.

குடும்பத்தோடு வாழ்பவருக்கும், நிலையான ஊதியம் பெறுபவருக்கும் தொலைவான வீடு நல்ல முடிவாக இருக்கலாம், அதை மறுக்கவில்லை. என் வழக்கு வேறு. விடுதி கட்டாமல் சேர்க்கையை மட்டும் பெருக்கும் நிறுவனம், தான் ஏற்கவேண்டிய செலவை மாணவரின் உறக்கத்திலும் உடலிலும் ஏற்றிவிட்டு, அதைச் சிக்கனம் என்று போதிக்கக் கூடாது.

கேட்பவை மூன்றே. சேர்க்கை ஆணையோடு விடுதி இடம், இல்லையேல் எல்லா ஆய்வாளருக்கும் வாடகைப்படி. 2012இல் உறைந்துபோன 8,000 ரூபாயை இன்றைய விலைவாசிக்கேற்ப உயர்த்துதல். மும்பைப் புறநகர் ரயிலில் மாணவருக்குச் சலுகைப் பயணச்சீட்டு உண்டு. 2017 மே மாதத்துக்கு முன் 30 ரூபாயாக இருந்த உச்சக் கட்டணத்தை 64 வரை உயர்த்திவிட்ட டெல்லி மெட்ரோவிலும் அதுபோன்ற சலுகை.

இவை நிறைவேறும்வரை, அடுத்த ஆண்டு வரும் புதியவரிடம் "கொஞ்சம் தள்ளிப் போய்ப் பாருங்கள்" என்று சொல்லுமுன், அந்தக் "கொஞ்சம்" எத்தனை மணி நேரம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.