லேவியராகமத்தில் நின்றவர்கள்

காட்டாங்குளத்தூரில் காலை மின்சார ரயிலில் ஏறுகிறவர்களில் சிலருக்கு அன்றைய வாக்குத்தத்த வசனம் போனில் வந்திருக்கும். கூடுவாஞ்சேரி வருவதற்குள் படித்து, நாலு பேருக்கு அனுப்பியும் ஆகிவிடும். யார் யாருக்கு, எந்த நெருக்கடியில் சொன்னது என்று கேட்டால் விழிப்போம். குறை சொல்லவில்லை, நானும் பல வருடம் அப்படிப் படித்தவன்தான்.

அந்த வசனங்கள் உள்ள பைபிள் தமிழுக்கு அப்படி எளிதாக வரவில்லை. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, மணலில் எழுதிப் பழகும் பிள்ளைகளோடு உட்கார்ந்து அகரம் கற்றார். புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்த நிலையில், 1719-இல், 36 வயதில் இறந்துபோனார். சென்னை வேப்பேரியில் பப்ரிசியஸ் பாதிரியார் பல்லாண்டு உழைத்துச் செப்பனிட்ட புதிய ஏற்பாடு 1772-இல் வந்தது. லுத்தரன் சபையார் அவருடைய தமிழை வெகுகாலம் கைவிடவில்லை. இன்று பெரும்பாலான சீர்திருத்த சபைகளில் வாசிக்கப்படுவது 1871-இல் வெளியான, பவர் பாதிரியாரின் பெயரால் வழங்கும் மொழிபெயர்ப்பு.

இறைவனை எப்படி அழைப்பது என்பதே தீராத வழக்காக இருந்தது. சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் என்று சொல் மாறிக்கொண்டே வந்தது. யோவான் நற்செய்தியின் முதல் வசனத்தில் பவரிடம் 'வார்த்தை'. 1995-இல் வந்த 'திருவிவிலியம்' என்ற புதிய மொழிபெயர்ப்பில் 'வாக்கு'. தமிழில் வாக்கு என்பது கொடுத்துக் காப்பாற்ற வேண்டிய ஒன்று. இரண்டையும் அருகருகே வைத்தால்தான் மூலத்தின் ஆழம் கொஞ்சமாவது பிடிபடும்.

ஆழ்ந்து படிப்பதில் எனக்கு உதாரண புருஷர் ஒரு சைவர். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்கு உடனிருந்து உழைத்தவர் ஆறுமுக நாவலர். 1854-இல் எழுதிய 'சைவதூஷணபரிகாரம்' நூலில், கோயில் வழிபாட்டை ஏளனம் செய்த பாதிரிமாருக்கு அவர்களுடைய வேதத்தைக் கொண்டே பதில் சொன்னார்: பலியும் தூபமும் விளக்கும் உங்கள் பழைய ஏற்பாட்டிலும் இருக்கின்றனவே! அவர் முடிவுகளை ஏற்காதவர்கூட அந்த வாசிப்பை மறுக்க முடியாது. ஜனவரியில் ஆதியாகமம் தொடங்கி, லேவியராகமம் வந்ததும் நாம் மூடிவைக்கிறோமே, அந்தப் பக்கங்களையும் விடாமல் படித்தவர் அவர்.

நீங்களும் லேவியராகமத்தில் நின்றுபோயிருந்தால், நின்ற இடத்திலிருந்தே தொடங்குங்கள். நாளுக்கு ஓர் அதிகாரம் போதும். பக்கத்தில் திருவிவிலியத்தையும் விரித்து வையுங்கள். அதில் அந்த நூலுக்கு 'லேவியர்' என்று பெயர்.